கை எடுத்த பிறகும் திரும்பிய படகு

பிள்ளைகளே, கணினிக்குப் பேய் பிடிக்குமா என்று நீங்கள் இருவரும் ஒருநாள் என்னைக் கேட்டீர்கள். உங்கள் அம்மா அப்போது குசினியில் சமைத்துக்கொண்டு நின்றார். நான் பதில் சொல்லாமல் சைக்கிளைத் துடைக்கப் போய்விட்டேன். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கிறது. ஆனால் வாயால் சொல்லத் தொடங்கினால் அரைவாசியில் எழுந்து போய்விடுவேன். அதனால் எழுதுகிறேன். நான் கனக்கப் படித்தவன் இல்லை. பள்ளிக்கூடத்தில் சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுக் கடலுக்குப் போனவன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விளங்காத இடத்தில் வந்து கேளுங்கள். இந்தமுறை எழுந்து போகமாட்டேன்.

நீங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது நான் நயினாதீவுக்கு ஆள் ஏற்றி ஓடும் லோஞ்சுப் படகில் சுக்கான் பிடித்தேன். பிறகு முதுகில் தீராத நோ வந்து, கடலில் நிற்க ஏலாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். சண்டை நின்றிருந்த காலம் அது. வெளிநாட்டில் இருக்கிற எங்கள் தீவுச் சனம் பாவித்து முடித்த பழைய கணினிகள் சிலவற்றைப் பெட்டிகளில் அடுக்கி எங்கள் ஊரான ஊர்காவற்றுறைக்கு அனுப்பியிருந்தார்கள். மாதா கோயில் மண்டபத்துக்குப் பக்கத்தில், கூரை புதிதாகப் போட்ட ஓர் அறையில் அவற்றை வைத்தார்கள். கூட்டிப் பெருக்கவும், ஜெனரேற்றரை இயக்கவும், ஆடுகள் உள்ளே வராமல் பார்க்கவும் ஓர் ஆள் வேண்டும் என்று பங்குச் சுவாமி என்னிடம் அறையின் பூட்டுத் திறப்பைத் தந்தார்.

ஆடுகள் என்று சொன்னது விளையாட்டுக்கு அல்ல. அந்த அறை இருந்த ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவில், ஆள் இருந்த வீடுகளைவிட ஆடு இருந்த வீடுகள்தான் கூட. சண்டைக்குச் சனம் விட்டுப்போன வீடுகள்; கதவில்லை, யன்னலில்லை, ஓடில்லை. பகலிலே அந்தப் பக்கம் நடந்தால் ஏதாவது ஒரு வீட்டின் நடு அறையிலிருந்து இருமல் கேட்கும். மனிதர் இருமுவது போலவே இருக்கும். எட்டிப் பார்த்தால் ஆடு. தெரிந்திருந்தும் ஒவ்வொரு முறையும் நான் எட்டிப் பார்ப்பேன்.

படிப்பிக்க யாழ்ப்பாணப் பட்டணத்திலிருந்து ஒரு ரீச்சர் பஸ்ஸில் வருவார். இளம் பெண், சிரித்த முகம், கதைக்கத் தொடங்கினால் நிறுத்தமாட்டார். விண்டோஸ் வாங்க வசதி இல்லாததால், காசில்லாமல் கிடைக்கிற லினக்ஸை அவர்தான் எல்லாக் கணினிகளிலும் ஏற்றினார். பிள்ளைகள் போன பிறகு எனக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டித் தந்தார். மவுஸைப் பிடிக்க எனக்கு இரண்டாம் முறை சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. "அண்ணை, நீங்கள் பிறக்கேக்கையே உதோட பிறந்தனீங்களோ?" என்று ரீச்சர் பகிடி பண்ணுவார்.

இனி உங்கள் மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மாவின் தம்பி. கணினி படித்துவிட்டுக் கொழும்பில் ஒரு சின்ன இடத்தில் வேலை செய்தவர். தொண்ணூற்றாறில் ஒருநாள், வீட்டுக்கு வருகிறேன் என்று ஆள்மூலம் சொல்லியனுப்பினார். புறப்பட்டார் என்பது தெரியும். வந்து சேரவில்லை என்பதும் தெரியும். நடுவில் நடந்தது எதுவும் எவருக்கும் தெரியாது. அம்மா எத்தனையோ முகாம் வாசல்களில் நின்று கேட்டார். ஆனால் எங்கே போனாலும் ஒரு கேள்விதான்: எங்கே வைத்திருக்கிறீர்கள்? உயிரோடு இருக்கிறாரா என்று அவர் எவரிடமும் கேட்டதில்லை. கேட்கவும் விடமாட்டார்.

கொழும்பில் மாமாவோடு ஒரே அறையில் இருந்தவர் பிறகு வெளிநாடு போய்விட்டார். மாமா விட்டுப்போன பழைய டிஸ்குகள் அவரிடம் இருந்தன. அவற்றில் இருந்ததை ஒரு சீடியில் பதிந்து எங்களுக்கு அனுப்பினார். அதில் மாமா விண்டோஸில் எழுதிய, முடிக்காத ஒரு விளையாட்டு இருந்தது. திறந்தால் எங்கள் தீவுகள். மேலே பறக்கிற கொக்குக்குத் தெரிவது போல, கடல் நீலம், தரை பச்சை. இறங்குதுறையில் ஒரு படகு. மவுஸை முன்னுக்குத் தள்ளினால் படகு ஓடும், பக்கத்துக்கு அசைத்தால் திரும்பும். அவ்வளவுதான்.

விண்டோஸில் எழுதியது எங்கள் கணினியில் நேராக ஓடாது. அதற்கு நடுவிலே நிற்கிற ஒரு மென்பொருள் வேண்டும். அதை ரீச்சர் எனக்கு இப்படி விளங்கப்படுத்தினார். காவலரணில் கடற்படைக்காரருக்கு எங்கள் பாஷை தெரியாது, எங்களுக்கு அவர்களுடைய பாஷை தெரியாது. நடுவில் ஒருவர் நின்று அவர் சொல்வதை எங்களுக்கும் நாங்கள் சொல்வதை அவருக்கும் சொல்வார். அந்த ஆள்தான் இந்த மென்பொருள். மாமாவின் விளையாட்டுக்குத் தான் வேறு ஊரில் நிற்பதே தெரியாது. நடுவில் நிற்பவர் சொல்வதை நம்பிக்கொண்டு அது ஓடும்.

முதல்நாள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். அம்மா கதிரையின் நுனியில் இருந்தார். கடற்கோட்டையைக் கண்டார், காரைநகர்க் கரையைக் கண்டார். எங்கள் பழைய வீட்டுக்குப் பின்னால் ஒரு நீலப் பொட்டு வரைந்திருந்தது. "கிணத்தையும் கீறிவைச்சிருக்கிறான், விசரன்" என்று சிரித்தார். அப்படி அவர் சிரித்து நான் கனகாலம் கேட்டிருக்கவில்லை. நான் மவுஸைப் பிடித்துப் படகைக் கோட்டையைச் சுற்றி ஓட்டிக் காட்டினேன். லோஞ்ச் ஓட்டுகிற மாதிரியே இருந்தது. திரும்ப இறங்குதுறையில் கொண்டுவந்து கட்டிவிட்டு, ஜெனரேற்றருக்கு எண்ணெய் விட வெளியே போனேன்.

உள்ளேயிருந்து அம்மா கூப்பிட்டார். கத்தவில்லை. குழந்தை நித்திரையாக இருக்கிற வீட்டில் கூப்பிடுவது போல மெல்லக் கூப்பிட்டார்.

"இஞ்சாருங்கோ. இது போகுது."

நான் போய் நின்றேன். அம்மாவின் இரண்டு கைகளும் மடியில் இருந்தன. மேசையில் மவுஸ் கிடந்தபடி கிடந்தது. திரையில் படகு தானாக இறங்குதுறையை விட்டு வெளிக்கிட்டுப் போய்க்கொண்டிருந்தது. நேராகக்கூடப் போகவில்லை. இடப்பக்கமாகப் பெரிய ஒரு வளைவு எடுத்து, கோட்டையைக் கடந்து, தீவின் மேற்குக் கரையோரமாக இறங்கிப் போய், ஆளில்லாத ஒரு துண்டுக் கரையில் முட்டி நின்றது.

திரும்ப முதலிலிருந்து தொடங்கினேன். கையை எடுத்தேன். அதே வளைவு, அதே கரை.

"தள்ளும், நான் பாக்கிறன்" என்று சொல்லி மவுஸைப் பிடித்தேன். பிடித்தால் ஒரு பிழையும் இல்லை. நினைத்த பக்கம் போனது, நிறுத்தினால் நின்றது.

"பாத்தீரே? ஒண்டுமில்லை" என்றேன்.

அம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நீங்கள் பிடிச்சா அவன் விட்டுக்குடுக்கிறான்" என்றார்.

அன்றைக்குப் பிறகு அம்மா ஒவ்வொரு நாளும் வந்தார். பிள்ளைகள் படித்துவிட்டுப் போனதும் வந்து அந்தக் கதிரையில் இருப்பார். மவுஸைத் தொடமாட்டார். படகு வெளிக்கிடும், வளையும், அந்தக் கரையில் போய் முட்டும். அம்மா உதட்டுக்குள் ஏதோ சொல்வார். செபமாலை சொல்கிறார் என்று முதலில் நினைத்தேன். கிட்டப் போய்க் கேட்டபோது, தம்பியோடு கதைத்துக்கொண்டிருந்தார். சாப்பிட்டாயா, மெலிந்துபோனாயா என்று. வெளியே ஆடு இருமியது. பட்டப்பகல், யன்னலால் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அப்படியிருந்தும் நான் சிலுவை போட்டுக்கொண்டேன்.

உங்களுக்குச் சோறு குழைத்துத் தீத்தியது அந்த நாள்களில் நான்தான். மூத்தவருக்கு அது நினைவிருக்கலாம்.

பிறகு ஒருநாள் அம்மா சொன்னார்: "அவன் அங்கதான் வரச்சொல்லுறான். நான் போகப்போறன்."

அந்தக் கரை எதுவென்று இப்போது சொல்கிறேன், பயப்படாதீர்கள். மிதிவெடி புதைத்த கரை. பனை வடலிகளுக்கு இடையில் கம்பி இழுத்து, மண்டையோடு கீறின சிவப்புப் பலகைகள் தொங்கவிட்டிருந்தார்கள். கம்பிக்குள்ளே போன மாடு ஒன்று வெடியில் சிக்கிக் கதறியதை ஊர் முழுக்கக் கேட்டிருக்கிறது. தரைவழியாக எவரும் அங்கே போகமாட்டார்கள். அம்மா கடல்வழியாகப் போக நினைத்தார். அந்தப் பக்கம் வலை போடுகிற வயதான தொழிலாளி ஒருவரிடம், தூர நின்று பார்க்கவேண்டும், அவ்வளவுதான் என்று கேட்டிருந்தார், அவரும் சரியென்றுவிட்டார். சனிக்கிழமை விடியப் போவதென்று பேச்சு.

"தூர நிண்டு பாக்கவோ போறீர்?" என்று நான் கேட்டேன்.

"இல்லை" என்றார் அம்மா. "தண்ணி முழங்காலளவு வந்த உடன குதிச்சிடுவன். அந்த மனுசனுக்குச் சொல்லிப்போடாதேங்கோ."

"உமக்கென்ன விசரே? அங்க கால் வைச்சா கால் இருக்காது. இரண்டு பிள்ளையள் இருக்குதுகள்."

"அவனுக்கு நான் ஒருத்திதான் இருக்கிறன்."

"அது மெசினப்பா. மெசின் பழுது."

"அப்ப ஏன் ஒரே இடத்துக்குப் போகுது? பழுதெண்டால் ஒருக்கா அங்க போகும், ஒருக்கா இஞ்ச போகும். ஒரே இடத்துக்கு ஏன் போகுது? சொல்லுங்கோ, நான் போகாமல் விடுறன்."

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அதுதான் உண்மை. எனக்குள்ளேயும் அதே கேள்விதான் இருந்தது. அந்தத் தொழிலாளியிடம் போய்ச் சொல்லித் தடுத்திருக்கலாம். ஆனால் அவர் இல்லையென்றால் அம்மா இன்னொருவரைப் பிடிப்பார், ஒருவரும் இல்லையென்றால் கம்பிக்குள்ளாலே நடந்து போவார். அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்தால் ஒழிய அவரை நிறுத்த ஏலாது.

வியாழக்கிழமை ரீச்சர் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முதலில் சிரித்தார். "அண்ணை, மவுஸுக்குள்ள ஊத்தை இருக்கும்" என்று சொல்லி மவுஸின் வயிற்றைத் திறந்து உருண்டையை எடுத்து, உள்ளே சுற்றியிருந்த நூலையும் தூசியையும் நகத்தால் சுரண்டி எடுத்தார். தான் படிப்பிக்கிற கணினியில் அந்த விளையாட்டை ஓட்டிப் பார்த்தார். கையை எடுத்தால் படகு அசையாமல் நின்றது. "பாத்தியளே, ஒரு பிரச்சினையும் இல்லை."

அதற்குள் அம்மா வந்து தன்னுடைய கதிரையில் இருந்துவிட்டார். அங்கே நான் விளையாட்டைத் திறந்துவிட, படகு வெளிக்கிட்டது.

ரீச்சர் போய்ச் சுத்தமான வேறு மவுஸ் போட்டார். படகு போனது. மேசையை ஆட்டிப் பார்த்தார். போனது. கடைசியாகக் கணினியின் பின்னால் கையை விட்டு, மவுஸின் வயரையே கழற்றிக் கையில் எடுத்தார்.

படகு போய்க்கொண்டே இருந்தது. இடப்பக்கம் வளைந்து, கோட்டையைக் கடந்து.

ரீச்சரின் கையில் வயர் தொங்கியது. சிரித்த முகம் வெளிறிப்போயிருந்தது. அம்மா மட்டும் அமைதியாக இருந்தார். "நான் சொன்னனான்தானே, பிள்ளை" என்றார், ரீச்சரைத் தேற்றுவதுபோல.

அம்மா வீட்டுக்குப் போன பிறகு ரீச்சர் தண்ணீர் வாங்கிக் குடித்தார். "அண்ணை, எனக்குப் பேயிலை நம்பிக்கை இல்லை. ஆனா இப்பத்தை நிலைமையில பஸ்ஸுக்குத் தனியப் போகமாட்டன், நீங்களும் வாங்கோ" என்றார். பிறகு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். "வயர் இல்லாமலும் போகுதெண்டால் அது கையிலயிருந்து வரேல்லை. உள்ளுக்கயிருந்து வருது. நடுவில நிக்கிற ஆள் என்ன சொல்லுறாரெண்டு ஒட்டுக் கேப்பம்."

அந்த மென்பொருளில் அப்படி ஒரு வசதி இருந்தது. அது இரண்டு பக்கத்துக்கும் என்னென்ன சொல்கிறது என்பதை வரிவரியாகத் திரையில் ஓட விடலாம். ஓடவிட்டார். மழைக்காலத்து ஈசல் மாதிரி வரிகள் கிளம்பின. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ரீச்சருக்கும் உடனே விளங்கவில்லை.

"ஒருக்கா நீங்கள் ஓட்டுங்கோ அண்ணை. நீங்கள் ஓட்டேக்கை ஏன் திரும்புதில்லை?"

ஓட்டினேன். படகு நேராகப் போனது. ரீச்சர் திரையைப் பார்க்கவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணை, ஏன் கையை வலப்பக்கமா இழுத்துக்கொண்டே இருக்கிறியள்?"

"நான் இழுக்கேல்லையே."

"இழுக்கிறியள். குனிஞ்சு பாருங்கோ."

பார்த்தேன். பிள்ளைகளே, என்னுடைய கை எனக்குத் தெரியாமலே வேலை செய்துகொண்டிருந்தது. மணிக்கட்டு கொஞ்சம் வலப்பக்கம், கொஞ்சம் பின்பக்கம், விட்டு விட்டு, ஓயாமல். குறிகட்டுவான் துறைக்கும் நயினாதீவுக்கும் நடுவில் நீரோட்டம் லோஞ்சை ஒரு பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும். தெற்கிலிருந்து சோளகக் காற்று தொடங்கினால் சொல்லவே வேண்டாம். சுக்கானை அதற்கு எதிராகச் சாய்த்துப் பிடித்தபடிதான் நேராகப் போகவேண்டும். வருஷக்கணக்காகப் பிடித்த கை, திரையில் படகு இடப்பக்கம் இழுபட்டதும் இதுவும் நீரோட்டம் என்று எண்ணித் தானாகவே சாய்த்துவிட்டிருக்கிறது. நான் ஓட்டும்போதும் படகு திரும்பிக்கொண்டுதான் இருந்தது. பிழையே இல்லை என்று நான் அம்மாவுக்குச் சொன்னதெல்லாம் பிழை. ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையை ஓட்டவிட்டிருந்தால் முதல்நாளே தெரிந்திருக்கும்.

"அப்ப ஆர் பிடிச்சாலும் திரும்புது" என்றார் ரீச்சர். "என்ர கொம்பியூற்றரில மட்டும் ஏன் திரும்பேல்லை?"

இரண்டு கணினிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அப்போதுதான் ஒரு வித்தியாசம் தெரிந்தது. ரீச்சர் எதைத் திறந்தாலும் திரை முழுவதும் வரும்படி பெரிதாக்கிவிடுவார். நான் திறந்தபடி விடுவேன். அவருடையதில் இல்லாத ஒரு சட்டம் என்னுடையதைச் சுற்றி இருந்தது. மேலே அகலமான பட்டை, பக்கங்களில் மெல்லிய கரை. ரீச்சர் எழுந்து வந்து என்னுடையதைப் பெரிதாக்கினார். படகு நின்றது. திரும்பச் சின்னதாக்கினார். படகு வெளிக்கிட்டது.

அவர் மேசையில் தட்டினார். "பிடிச்சிட்டன்!"

உங்களுக்கு விளங்குகிற மாதிரிச் சொல்லப் பார்க்கிறேன். மவுஸை ஒரே பக்கம் தள்ளிக்கொண்டு போனால், அதோடு திரையில் நகருகிற அம்பு ஓரத்தில் முட்டிவிடும், பிறகு படகைத் திருப்ப ஏலாது. அதற்காக மாமா ஒரு வழி செய்திருந்தார். கை எவ்வளவு அசைந்தது என்று பார்த்தவுடன், அம்பைத் திரும்ப நடுவிலே வை என்று அவருடைய விளையாட்டு சொல்லும். அடுத்தமுறை பார்க்கும்போது அம்பு நடுவில் இருந்தால், கை அசையவில்லை. நடுவை விட்டு விலகியிருந்தால், கை அசைந்திருக்கிறது. அம்பை எங்கள் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்தும் விட்டிருந்தார்.

நடு எது என்பதில்தான் பிழை. ஒரு கதவை அளப்பதற்குத் தச்சு வேலை செய்கிற இரண்டு ஓடாவிமாரை விட்டால், ஒருவர் நிலையையும் சேர்த்து அளக்கிறார், மற்றவர் நிலைக்கு உள்ளே அளக்கிறார் என்று வையுங்கள். மாமாவின் விளையாட்டு சட்டத்துக்கு உள்ளே அளந்து நடுவைச் சொன்னது. பாஷை மாற்றிச் சொல்லும் மென்பொருள் சட்டத்துக்கு வெளியிலிருந்து அளந்து அம்பை வைத்தது. அதனால் ஒவ்வொரு முறையும் அம்பு நடுவுக்குக் கொஞ்சம் மேலேயும், ஒரு துளி இடப்பக்கமும் போய் விழுந்தது. விளையாட்டு பார்த்தது. ஓ, கை முன்னுக்கும் இடப்பக்கமும் அசைந்திருக்கிறது என்று எண்ணிப் படகை விட்டது. உடனே, நடுவிலே வை என்றது. திரும்பவும் பிழையான இடத்தில் வைக்கப்பட்டது. கையே இல்லாத இடத்தில் கை இருப்பதாக ஓயாமல் செய்தி போய்க்கொண்டிருந்தது. மேல்பட்டையின் அகலம் படகை ஓட்டியது. பக்கக் கரையின் அகலம் படகைத் திருப்பியது.

"சட்டம் மாறாதுதானே அண்ணை. அதால வளைவும் மாறாது. அதுதான் ஒரே இடத்துக்குப் போகுது" என்றார் ரீச்சர்.

அம்மா கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை. ரீச்சரைப் பஸ் ஏற்றிவிட்டு அந்த ஒழுங்கையால் திரும்பி வரும்போது, ஒவ்வொரு வாசலுக்குள்ளும் இருட்டு நின்று என்னைப் பார்ப்பதுபோல இருந்தது. அம்மாவுக்கு அந்தக் கதிரையில் மட்டும்தான் தம்பி இருந்தார். அதையும் நான் எடுக்கப் போகிறேன்.

வெள்ளிக்கிழமை ரீச்சருக்கு வரவேண்டிய நாள் இல்லை. ஆனாலும் வந்தார். அந்த மென்பொருள் எப்படி எழுதப்பட்டது என்பதை எவரும் பார்க்கலாம், மாற்றலாம். அதைச் செய்த வெளிநாட்டுக்காரர் அப்படித்தான் விட்டிருக்கிறார்கள். பிழையான வரிகளைத் தேடித் திருத்திவிட்டு, முழுவதையும் கணினியிடம் திரும்பக் கட்டக் கொடுத்தார். பழைய கணினி, முக்கி முக்கிக் கட்டியது. மத்தியானம் வரை ஜெனரேற்றருக்கு எண்ணெய் விட்டு விட்டு என் சட்டை முழுக்க மண்ணெண்ணெய் மணம்.

முடிகிற நேரத்துக்கு அம்மாவைக் கூட்டிவந்தேன். "நாளைக்குப் போக முதல் ஒருக்கா வந்து பாரும்" என்று மட்டும் சொல்லியிருந்தேன்.

ரீச்சர் விளையாட்டைத் திறந்து கையை எடுத்தார். படகு அசைந்தது. ஆனால் இந்தமுறை அது முன்னுக்குப் போகவில்லை. பின்பக்கமாக, வலப்புறம் சாய்ந்து, வந்து இறங்குதுறையில் முட்டிக்கொண்டே இருந்தது.

"ஏன் பின்னுக்கு வாறான்?" அம்மா திரைக்குக் கிட்டக் குனிந்தார். "ஏன் இப்ப பின்னுக்கு வாறான்?"

"ஐயோ அக்கா, அது நான்" என்றார் ரீச்சர். தலையில் கை வைத்தார். "ஒரே பிழையை இரண்டு இடத்தில திருத்திப்போட்டன். ஒண்டுதான் காணும். சட்டத்தின்ர அகலத்தை ரெண்டு தரம் கழிச்சிட்டன்."

அம்மா திரும்பி ரீச்சரின் முகத்தைப் பார்த்தார். "நீரே பின்னுக்கு எடுத்தனீர்?"

"ஓம் அக்கா."

"நீர் மாத்தினால் மாறுமோ?"

ரீச்சர் என்னைப் பார்த்தார். நான்தான் சொன்னேன். "மாறும்." பிறகு சட்டத்தையும் நடுவையும் ஓடாவிமாரையும் சொன்னேன். ரீச்சர் ஒரு திருத்தத்தை எடுத்துவிட்டு அந்தத் துண்டை மட்டும் திரும்பக் கட்டினார்.

திறந்தார். கையை எடுத்தார். படகு நின்றது.

நாங்கள் மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். ஒரு படகு நிற்பதை அப்படி எவரும் பார்த்திருக்கமாட்டார்கள். நான் உள்ளுக்குள் என்ன நினைத்தேன் தெரியுமா? இவ்வளவு பாடுபட்டுத் திருத்திய நானே, ஒருக்கா அசையேன், ஒரேயொருக்கா அசையேன் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அசையவில்லை.

"கை எடுத்தா நிக்குது" என்றார் அம்மா.

"ஓம்."

"நான் தொடலாமோ?"

அன்றுதான் அம்மா முதன்முதலாக அந்த மவுஸைத் தொட்டார். ஒரு கையால் பிடித்து, மற்றக் கையையும் மேலே வைத்தார். படகு தத்தித் தத்தி வெளிக்கிட்டது. அவர் இடப்பக்கம் திருப்பவில்லை. கோட்டையைத் தாண்டி நேரே வெளிக்கடலுக்கு விட்டார். கரைகள் எல்லாம் பின்னுக்குப் போய் நீலம் மட்டும் இருந்தது. பிறகு நீலமும் முடிந்தது. ஒரு கோடு, அதற்கு அப்பால் கறுப்பு. படகு அந்தக் கோட்டில் நின்றுவிட்டது. அம்மா தள்ளிப் பார்த்தார், போகவில்லை.

"பழுதோ?"

"இல்லை அக்கா" என்றார் ரீச்சர் மெல்ல. "இதுக்கு அங்கால அவர் கீறேல்லை."

அம்மா கையை எடுத்தார். பஸ் பிந்த முதல் வெளிக்கிடச் சொல்லி ரீச்சரை அனுப்பியது அம்மாதான். வீட்டுக்கு வந்ததும் அடுப்பை மூட்டினார். உங்கள் இருவருக்கும் சோறு போட்டார். நாளைக்குப் போகிறாரா இல்லையா என்று கேட்க எனக்குப் பயமாக இருந்தது. கேட்கவில்லை.

விடிகிற நேரம் வேலிப் படலையில் சத்தம் கேட்டது. அந்த வலைத் தொழிலாளிதான். "பிள்ளை, வெளிக்கிட்டாச்சோ? காத்து எழும்ப முதல் போய்ச் சேரவேணும்."

நான் எழும்ப முதல் அம்மா வாசலுக்குப் போய்விட்டார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். உடுத்திருப்பது வீட்டுச் சீலையா வெளிச் சீலையா என்று இருட்டில் தெரியவில்லை.

"நான் வரேல்லை அண்ணை."

"உதென்ன கதை? மனுசன் விடிய எழும்பி உம்மட வீட்டடிக்கு நடந்து வந்தனான்."

"அங்க ஒருத்தரும் இல்லை அண்ணை. வீணா ஏன்."

அவர் என்னவோ முணுமுணுத்தார். "சரி, தேத்தண்ணியாவது தாரும். வெறும் வயித்தோட வெளிக்கிட்டனான்."

அம்மா தேநீர் போட்டுக் கொடுத்தார். அவர் படலையடியில் குந்தியிருந்து ஊதி ஊதிக் குடித்தார். அம்மா பக்கத்தில் நின்றார். வெளிச்சம் மெல்ல வந்துகொண்டிருந்தது.

"அண்ணை" என்றார் அம்மா. "நீங்கள் இத்தனை வருஷமா உந்தக் கடலிலை வலை போடுறியள். வலையில... எப்பவாவது, ஆரின்ரையும் உடுப்பு, எலும்பு... ஏதாவது கண்டனீங்களோ?"

மாமா காணாமல் போன நாளிலிருந்து அம்மா எவரிடமும் கேட்காத கேள்வி அது.

அந்த மனிதர் கோப்பையை நிலத்தில் வைத்தார். தலைத்துண்டைக் கழற்றி மடியில் போட்டார்.

"தொண்ணூற்றாறிலயோ?"

"ஓம்."

"இல்லைப் பிள்ளை. நான் காணேல்லை. கண்டிருந்தா உமக்குச் சொல்லாமல் விட்டிருப்பனோ?" தலைத்துண்டைத் திரும்பக் கட்டிக்கொண்டு, "கண்டவை ஆரும் இருந்தாலும் சொல்லியிருப்பினம். கேட்டுப் பாக்கிறன்" என்றார்.

"கேட்டுப் பாருங்கோ அண்ணை" என்றார் அம்மா. "வயசு இருபத்தாறு. இடக்கையில ஒரு தழும்பு இருக்கும், முழங்கைக்குக் கீழ."

அவர் போன பிறகு அம்மா வெறுங்கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனார். நான் பின்னால் போனேன். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அம்மா அதன் முன்னால் குந்தியிருந்து, உங்களை எழுப்பிவிடாமல், சீலைத் தலைப்பை வாய்க்குள் அடைத்துக்கொண்டு அழுதார்.